குறி தப்பிய தோட்டா

“கலப்படமடி! வெடிமருந்திலயும் கலப்படம் செய்து வித்திருக்கிறான், அறுவான்!”

பத்திநாதர் போட்ட சத்தத்தில் பிலோமினம்மா குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தாள். மனிசன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்று கொதித்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, வெடி வைச்சுப் பாத்தனீங்களோ?”

“பாத்தனான், பாத்தனான்! ஒரு குண்டு கிழக்கால போகுது, இன்னொண்டு மேற்கால போகுது. காஸ்தோன் கிழவன் என்ரை முகத்தையே பாக்கேல்லை. துவக்கை உறைக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டான்.”

கீழ்வீட்டுக் காஸ்தோனின் வேட்டைத் துவக்கு அவன் தகப்பன் காலத்தது. அதற்கேற்ற தோட்டா இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. “மன்னார்க் காட்டில நான் அடைச்ச தோட்டா ஒருநாளும் பிழைச்சதில்லை” என்று நெஞ்சை நிமிர்த்திப் பொறுப்பெடுத்தவர் பத்திநாதர்தான். வெற்றுத் தோட்டாக் கோதுகளை மினுக்கி, மருந்தைப் பொன்போல் நிறுத்துப் போட்டு, குண்டை வைத்து அழுத்தி, கோடை முழுக்க மேசையே கதியென்று கிடந்தார். தோட்டாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தால் சனிக்கிழமை மான் வேட்டைக்கு அவரும் போகலாம். மொன்றியலுக்கு வந்த பிறகு, அகதி என்று பார்க்காமல் வேட்டைக்காரன் என்று மதித்து அவரைக் கூப்பிட்டவன் காஸ்தோன் ஒருவன்தான். அந்த மரியாதை இன்றைக்குப் போய்விட்டது.

“மருந்து டின்னை அங்கயே திறந்து பாத்தன். மருந்துக்குள்ள வேற என்னவோ கிடக்குது. அகதிதானே, என்னத்தைக் குடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு வாங்குவான் எண்டு கடைக்காரன் நினைச்சிட்டான்!”

“விடாதேயுங்கோ! போய் நல்லாக் கேளுங்கோ. இவங்களுக்கு நாங்கள் எண்டா இளப்பம்!” பிலோமினம்மாவுக்கும் கோபம் தலைக்கேறியது.

பத்திநாதர் விடவில்லை. பக்கத்து நகரான லவாலில் மருந்து வாங்கிய வேட்டைச் சாமான் கடைக்குப் போய், சனம் பார்க்கப் பார்க்க டின்னைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்தார். தெரிந்த பிரெஞ்சு தீர்ந்ததும் தமிழில் ஏசினார். கடை முதலாளி மருந்தை விரலில் தேய்த்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. எப்படி நடந்ததோ தெரியாது என்று கையை விரித்தார். பிறகு, “பார்தோன், மிஸ்யூ” என்று தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டு, சீல் உடைக்காத புது டின் ஒன்றைச் சும்மாவே நீட்டினார்.

வீட்டுக்கு வந்த பத்திநாதருக்குக் கால் நிலத்தில் படவில்லை.

“மன்னிப்புக் கேட்டவனடி! அவ்வளவு சனத்துக்கு முன்னால! காஸ்தோனிட்டையும் சொல்லிப்போட்டன். நாளைக்கு இன்னொருக்கா வெடி வைச்சுப் பாப்பம் எண்டவன்.”

“அப்பாடா! எங்களை ஏமாத்தலாம் எண்டு நினைச்சவைக்கு நல்ல பாடம்.”

பிலோமினம்மா புது டின்னை வாங்கி மூடியைத் திறந்தாள். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, நெற்றியில் ஒற்றிக்கொண்டு பிரித்தாள்.

“உங்கட கையில வெடிக்கக் கூடாதெண்டு போன டின்னுக்குள்ள ரெண்டு கிள்ளு மடு மாதா கோயில் மண் போட்டனான். இந்த முறை ஒரு பிடியாவே போட்டுவிடுறன், குறியும் தப்பாது.”