நாலு பாதங்கள்

"வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு சிஸ்டர். ஆனா அக்கா காலைப் பார்த்துக்க ஒரு ஆள் கிடைச்சாத்தான் போவேன். பன்னிரண்டு மணிக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

மருத்துவமனையின் பாதப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றலாகி வந்து மூன்றே நாள் ஆகியிருந்த நர்ஸ், கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை.

எதிரே நின்றவன் துணி வெட்டும் மாஸ்டர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முன்பாதம் தொங்கிவிடாமல் இருக்க இரண்டு கால்களிலும் பிளாஸ்டிக் தாங்கி போட்டிருந்தான்.

"முதல்ல உங்க காலைக் காட்டுங்க."

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கே அக்கா பார்த்தாச்சு."

"நானும் பார்த்தா தேஞ்சா போயிடும்?"

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். உள்வளைவு உயர்ந்து, விரல்கள் கொக்கிபோல மடங்கிய பாதங்கள். ஆனால் ஒரு கொப்புளம் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. நகங்கள் நேராக வெட்டப்பட்டிருந்தன. நரம்புகள் நலிந்து பாதம் மரத்துப்போகும் இந்த நோயில் இப்படி ஒரு பாதத்தை அவள் பார்த்ததே இல்லை.

"எப்படி இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க?"

"அக்காவோட சட்டம். ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிட்டுத்தான் போடணும். குளிக்கிற தண்ணியை முழங்கையால தொட்டுப் பார்க்கணும். சாயங்காலம் அவ காலை நான் பார்க்கணும், என் காலை அவ பார்ப்பா. சண்டை போட்டுப் பேசாம இருந்த நாள்லகூட நாலு பாதமும் பார்த்தாகணும்."

"பரம்பரையா வந்ததா?"

"அப்பாகிட்டேருந்து. ஷூவுக்குள்ள ஆணி குத்தினது தெரியாம நாள் பூரா நடந்தார். உணர்ச்சி இருந்தாத்தானே? புண் முத்திப்போய்க் காலையே எடுத்துட்டாங்க." அவன் குரல் தணிந்தது. "எனக்குப் பதினேழு வயசுல தெரிஞ்சது. யாரையும் தொட விடலை. தாங்கியை மாடியிலிருந்து வீசினேன். ஒரு மாசம் கழிச்சு அக்கா அழுதுக்கிட்டே வந்து, தனக்கும் அதேதான்னு சொன்னா. குனிய இடுப்பு ஒத்துழைக்கலை, நீதான்டா பார்க்கணும்னா. எப்படி மாட்டேன்னு சொல்றது? அவளுக்காக ஆரம்பிச்சேன். பதிலுக்கு என் காலையும் பிடிச்சுக்கிட்டா."

நர்ஸ் சிரித்தாள்.

"அவ காலைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது சிஸ்டர், ஆனா உணர்ச்சி சுத்தமா இல்லை. ஒரு தடவை கொதிக்கிற தண்ணி கொட்டிடுச்சு. நான் துடைச்சு மருந்து வைக்கிறேன், அவ பாட்டுக்கு நாளைக்கு என்ன சமைக்கலாம்னு கேட்டுக்கிட்டு இருக்கா. அவளை எப்படித் தனியா விட்டுட்டுப் போறது?"

"விட்டுட்டுப் போடா, நிம்மதியா இருப்பேன்," என்றபடி அக்கா உள்ளே வந்தாள். கையில் சீட்டு. "சிஸ்டர், இவனைத் தலைமைக் கட்டிங் மாஸ்டரா கூப்பிடறாங்க. உட்கார்ந்தே பார்க்கிற வேலை. இப்ப இருக்கிற இடத்துல பத்து மணி நேரம் நிக்கறான். இன்னும் ரெண்டு வருஷம் இப்படி நின்னா பாதம் என்னத்துக்கு ஆகும்?"

"உன் காலை யாரு பார்ப்பா?"

"இவங்க பார்ப்பாங்க."

"தினமுமா?"

"வாரம் ஒருநாள் இங்கே வரட்டும், நான் பார்க்கறேன்," என்றாள் நர்ஸ்.

"மத்த ஆறு நாள்?"

அக்கா யோசித்தாள். "ஆறு மணிக்கு என் பாதத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பறேன். நீயும் அனுப்பு. ஒருநாள் நீ அனுப்பலைன்னா, அன்னிக்கு நானும் அனுப்ப மாட்டேன். என் கால் என்ன ஆனாலும் சரி."

"இது மிரட்டல்."

"ஆமா, மிரட்டல்தான்."

அவன் நர்ஸைப் பார்த்தான். "பார்த்தீங்களா சிஸ்டர்? பன்னிரண்டு வருஷமா இதே ரவுடித்தனம்." ஆனால் அவன் கை ஏற்கெனவே தாங்கியை மாட்டத் தொடங்கியிருந்தது. ஷூவைக் கவிழ்த்துத் தட்டினான். உள்ளே விரல்விட்டுத் தடவினான். போட்டுக்கொண்டு, வேலைக்குச் சம்மதம் சொல்ல போனோடு வராந்தாவுக்குப் போனான்.

மணி பதினொன்று ஐம்பது.

"கொடுத்து வச்சவங்க நீங்க," என்றாள் நர்ஸ். "இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்?"

"தங்கம் சிஸ்டர் அவன். வாய்தான் கொஞ்சம் நீளம்."

பதிவறை ஊழியர் அக்காவின் பழைய கோப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். நர்ஸ் தூசியைத் தட்டிவிட்டு முதல் பக்கத்தைப் படித்தாள். புருவம் சுருங்கியது. மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அக்கா, இது உங்க பேர்தானே? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால எடுத்த பரிசோதனை. உங்களுக்கு இந்த வியாதியே இல்லைன்னு எழுதியிருக்கு. நரம்பெல்லாம் முழுசா நல்லா இருக்குன்னு."

அக்கா எழுந்துபோய், வராந்தாப் பக்கத்துக் கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க சிஸ்டர். எனக்கு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா, நாளையிலிருந்து அவன் காலைக் காட்ட மாட்டான்."