நீங்க மட்டும் வாங்க

"நாளைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க டீச்சர். நீங்க மட்டும்."

போன் ரிப்பேர் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி இப்படிச் சொன்னதும் டீச்சருக்குச் சுருக்கென்றது. நெற்றியில் எந்நேரமும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டிருப்பதால், தெருவில் எல்லோருக்கும் அவர் 'கண்ணாடிக்காரர்'தான். ஐம்பது வயதிருக்கும்.

"நான் மட்டும் எதுக்கு?"

அவர் வாசலைப் பார்த்தார். வெளியே டீச்சரின் கணவர் பைக்கை அணைக்காமல் காத்திருந்தார்.

"போன்ல ஒரு விஷயம். இப்ப இங்க வேண்டாம். முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க. வீட்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க."

டீச்சர் போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளியேறினார்.

காலையில் முழு சார்ஜ் போட்டாலும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்றுதான் போனைக் கொடுத்திருந்தார். 'பேட்டரி நல்லாத்தான் இருக்கு, மாத்த வேண்டாம். இனிமே நிக்கும்' என்றவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாணமான பெண்ணைத் தனியாக வா என்றால் என்ன அர்த்தம்?

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் கணவரிடம் கொட்டித் தீர்த்தார். கணவரின் முகம் வெளுத்துவிட்டது. டீச்சருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். மனைவி மேல் அவருக்கு எப்போதுமே அக்கறை ஜாஸ்தி. பள்ளிக்கூடம் விட்டு அக்கா வீட்டுக்கு எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் போதும், "என்ன, அக்கா தரிசனம் ஆச்சா?" என்று வாசலிலேயே கேட்பார். அவருக்கும் அக்காவுக்கும் ஆகாது. எப்படித் தெரியும் என்று கேட்டால், "உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே" என்பார்.

"போனைக் குடு" என்று வாங்கியவர், விறுவிறுவென்று எதையோ தட்டித் தேடினார். தேடியது கிடைக்கவில்லை போலிருக்கிறது, பல்லைக் கடித்தார்.

"பார், நாப்பது நிமிஷம் உள்ள புகுந்து மேஞ்சிருக்கான். போட்டோ, மெசேஜ்னு எதையெல்லாம் பாத்தானோ!"

டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது. "இப்ப என்னங்க பண்றது?"

"சும்மா விடக் கூடாது. ஏரியா ஃபேஸ்புக் குரூப்ல போடு. நான் சொல்றேன், நீ எழுது."

கணவர் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். 'அடுத்தவர் போனை அவருக்குத் தெரியாமல் நோண்டுவது, படுக்கையறை ஜன்னலில் எட்டிப் பார்ப்பதற்குச் சமம். பெண்களைத் தனியாக வரச் சொல்லும் இந்த ஆளிடம் ஜாக்கிரதை!' கீழே கண்ணாடிக்காரர் கடை திறந்த அன்று சிரித்தபடி எடுத்துப் போட்டிருந்த படம்.

பஞ்சில் தீ வைத்த மாதிரிப் பரவியது. அந்தக் கடை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட, தோலை உரிக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கண்ணாடிக்காரர் ஒரே ஒரு வரிதான் பதில் போட்டார். 'டீச்சர் மன்னிக்கணும். நான் சொன்ன விதம் தப்பு.'

"பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்!" என்றார் கணவர்.

அக்கா மட்டும்தான் கேட்டாள். "எதுக்குக் கூப்பிட்டார்னு ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"அதை வேற கேக்கணுமாக்கா?"

மூன்று வாரம் ஓடியது. பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்ட ஒரு நாள், டீச்சர் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பஸ்சுக்காக நின்றார். எதிரே கண்ணாடிக்காரர் கடை. ஷட்டர் இறங்கியிருந்தது. 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. ஷட்டரில் யாரோ கரியால் கெட்ட வார்த்தை எழுதியிருந்தார்கள்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும் என்று டீச்சர் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். மனசு கேட்கவில்லை.

போன் அடித்தது. கணவர்.

"எங்க இருக்கே?"

"பஸ் ஸ்டாப்லங்க."

"எந்த பஸ் ஸ்டாப்? ஸ்கூல்ல கேட்டேன், மூணு மணிக்கே விட்டாச்சுன்னாங்க. இப்ப அஞ்சரை!"

"அக்காவைப் பாத்துட்டு..."

"நினைச்சேன்! முன்னெல்லாம் நீ எந்தத் தெருவுல திரும்பினாலும் எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிக்காரன் கை வெச்சதிலேருந்து ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "அதாவது... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

டீச்சர் போனைத் துண்டித்தார். காலையில் போட்ட சார்ஜ், இன்னும் எழுபதுக்குக் குறையவில்லை.

'உங்க வீட்டுக்காரர்தான் உங்க போன்ல வேவு பாக்குற ஆப் போட்டிருந்தார், அதை எடுத்துட்டேன்.' இந்த ஒரு வரியை அந்த மனுஷன் குரூப்பில் எழுதியிருந்தால் கடை பிழைத்திருக்கும். அவ்வளவு பேர் காறித் துப்பியும் எழுதவில்லை. ஒரு குடும்பத்து விஷயம் ஊர் சிரிக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு, கடையையும் மூடிவிட்டுப் போயிருக்கிறார். பாவி, நான் ஒரு அஞ்சு நிமிஷம் போய்க் கேட்டிருக்கக் கூடாதா?

குரூப்பில் போட்டதைத் தேடிப் பிடித்து அழித்தார். தெரு முழுக்கத் தெரிந்துபோனதை எங்கே போய் அழிப்பது?

பக்கத்தில் பஸ்சுக்கு நின்ற ஒரு பெண், மகளிடம் ஷட்டரைக் காட்டினாள்.

"இந்தக் கடைதான்டி. யாரோ ஒரு டீச்சராம், அவங்க மட்டும் தைரியமா எழுதலன்னா நமக்கெல்லாம் தெரிஞ்சிருக்குமா? மகராசி, நல்லா இருக்கணும்!"