கீறல் விழுந்த இடம்

பெண் குரல் ஏறிக்கொண்டிருந்தது.

வார்த்தை கிடையாது. வெறும் லாலலா. பின்னால் ஓர் ஆர்கன், ஏதோ தேவாலயத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து வாசித்ததுபோல.

அவன் தரையில் உட்கார்ந்து, சுழலும் இசைத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதோ, வரப்போகிறது.

வரவில்லை. பாட்டு சிக்காமல் தடுக்காமல் போய்க்கொண்டே இருந்தது.

அதே பாட்டின் புதுத் தட்டு. ஒரு பேய்ப்படத்தின் இசை. இத்தாலியிலிருந்து வரவழைத்தது. காலையில்தான் கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போனார்.

பழைய தட்டில், படத்தில் கொலைகாரன் கத்தியை ஓங்குகிற இடத்தில் ஒரு கீறல் உண்டு. ஊசி அங்கே ஒரு துள்ளு துள்ளி, நாலு லாலலாவைத் தாண்டிப் போய் விழும். மூன்று வருடமாக அப்படித்தான் கேட்டான். குளிக்கும்போதுகூட அப்படித் தாண்டித்தான் பாடினான்.

கத்தி ஓங்குகிற இடம் என்பது ஓர் உத்தேசம்தான். அவன் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அலமாரியில் அறுபது சொச்சம் இத்தாலியப் பேய்ப்படத் தட்டுகள் இருந்தன. ஒரு படத்தையும் பார்த்ததில்லை.

பயம். தனியாக இருக்கிற வீடு.

கூட உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஒருமுறை ஆபீஸ் நண்பன் செல்வின்ராஜைக் கூட்டிவந்து உட்காரவைத்தான். செல்வின்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டான்.

"நல்லாருக்குடா. எந்த ஷாம்பு விளம்பரம்?"

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு பிலோமினா மேடம் மட்டும் கூப்பிடாமலே வந்தார். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரும் தனி. கையில் ஜெபமாலையோடு வாசலில் நின்றார்.

"தம்பி, சாயங்காலம் ஜெப நேரம். இந்தப் பேய்ப் பாட்டக் கொஞ்சம் கம்மியா வெச்சுக்கக் கூடாதா?"

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருவராவது சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

அன்றிலிருந்து சத்தத்தைக் குறைத்தே வைத்தான். அந்தக் கட்டடத்தில் அவனிடம் யாரும் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் அது.

புதுத் தட்டு பாடி முடித்தது. இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று ஊசியை மறுபடி முதலில் வைத்தான். சுத்தமாகத்தான் பாடியது. முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு நலம் விசாரிப்பதுபோல.

எழுந்து டீ போடப் போனான்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. வெளியே குழாய்கள் இறங்கும் சந்து. அதற்கு அந்தப் பக்கம் பிலோமினா மேடத்தின் சமையலறை. தண்ணீர் விழுகிற சத்தம். பாத்திரம் தேய்க்கிற சத்தம்.

கூடவே ஒரு ஹம்மிங்.

லாலலா.

ஜெப நேரம்.

ஹாலில் இத்தாலியக்காரியும் இங்கே பிலோமினா மேடமும் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தார்கள். மேடம் கொஞ்சம் சுருதி விலகித்தான். ஆனால் விடவில்லை.

அந்த இடம் வந்தது.

மேடம் தாண்டினார்.

பாட்டு தாண்டவில்லை.

நாலு லாலலா முன்னால் போய், அங்கே மேடம் தனியாக மாட்டிக்கொண்டார். ஹம்மிங் நின்றது. தேய்க்கிற சத்தம் நின்றது. குழாயை மூடினார்.

அவன் ஸ்பூனில் டீத்தூளோடு அப்படியே நின்றான்.

பிறகு ஹாலுக்குப் போனான். பாதிப் பாட்டில் ஊசியைத் தூக்கினான். கதவோரம் பழைய பேப்பர் கட்டின் மேல், போட்டுவிடலாம் என்று காலையில் வைத்திருந்த கீறல் தட்டை எடுத்தான். சட்டையில் துடைத்தான். ஊசியை வைத்தான்.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான்.

திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றான். அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

பெண் குரல் ஏறத் தொடங்கியது. கீறலுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது.

அந்தப் பக்கம் குழாயை இன்னும் திறக்கவில்லை.