இடது கன்னம்

"அசையாதக்கா."

அவள் அசையவில்லை. நடுங்கியது தங்கையின் கைதான்.

விரல் அகலத்துக்கு ஒரு சின்ன உருளை. சுற்றிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஊசிகள். ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு எடுத்து, அக்காவின் இடது கன்னத்துத் தழும்பின்மேல் மெல்ல உருட்டினாள் வாசுகி.

மேலும் கீழும். பிறகு குறுக்கே.

சிவந்த தோலில் பொட்டுப் பொட்டாக ரத்தம் எட்டிப் பார்த்தது.

மாதம் ஒரு ஞாயிறு. இது ஆறாவது.

"வலிக்குதாக்கா?"

"எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு. நீ எதுக்குடி மூச்ச அடக்குற? விடு."

தழும்பைப் பற்றி அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. மூக்கு இருக்கிற மாதிரி அதுவும் இருந்தது, அவ்வளவுதான். கட்டிக்கொண்டவர் அதைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டார். பெற்ற இரண்டும் அதைத் தடவியபடிதான் தூங்கின.

தழும்பை மங்க வைக்குமாம் என்று ஆன்லைனில் இந்த உருளையை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வந்து, நானே போட்டுவிடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் வாசுகி.

நிற்கத்தானே செய்வாள்.

அப்போது வாசுகிக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பன்னிரண்டு. எதற்குச் சண்டை என்பது இருவருக்குமே மறந்துபோயிற்று. வாசுகி வீசிய ஜாமெட்ரி பாக்ஸ் பறந்து வந்தது மட்டும் மறக்கவில்லை.

நாலு தையல்.

படியில் விழுந்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னாள் அக்கா. தங்கச்சி அடி வாங்கக் கூடாதே என்றுதான்.

அன்றைக்கே நாலு அடி வாங்கியிருந்தால் அன்றோடு போயிருக்கும். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, பாவம், இருபத்திரண்டு வருஷம் சுமக்க வைத்துவிட்டோமே. இந்த நடுங்கும் கையைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

எந்தப் போட்டோவிலும் வாசுகி அவளுக்கு வலப்பக்கம்தான் நிற்பாள். கல்யாண ஆல்பத்தில்கூட.

உருளை நின்றது. ஈரப் பஞ்சால் ஒற்றியெடுத்துவிட்டுக் கண்ணாடியை நீட்டினாள் வாசுகி.

"மங்கியிருக்காக்கா?"

கேட்டவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அக்காவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவப்புக்கு நடுவே தழும்பு அப்படியே இருந்தது. நாலு தையலையும் எண்ணிவிடலாம்.

"நல்லா மங்கிருச்சுடி. போதும். இனிமே வேண்டாம்."

இந்தத் தழும்புக்காக அவள் சொன்ன இரண்டாவது பொய்.

வாசுகி நம்பினாளோ இல்லையோ. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். உருளையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு போட்டோ எடுக்கப் போனை எடுத்துக்கொண்டு வந்து, வழக்கம்போல அக்காவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் எழுந்தாள்.

சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள்.

எரிகிற கன்னத்தை அவள் தோளில் சாய்த்துக்கொண்டாள் அக்கா.

"ம். இப்ப எடு."