மூன்றாவது குரல்

அந்த வீட்டில் இளம்பரிதியும் அவன் மனைவி சுகந்தியும் மட்டும்தான். சொன்னால் விளக்கையும் ஏசியையும் போடும் ஸ்பீக்கர் ஒன்றை அவன் வாங்கி வைத்திருந்தான். ஒரு நாள் அலுவலகத்தில் இருந்தபோது அவன் போனுக்குச் செய்தி வந்தது: ‘உங்கள் வீட்டில் மூன்றாவது குரல் ஒன்று அடிக்கடி கேட்கிறது. பெயர் சேர்க்கலாமா?’ பதினோரு நாட்கள் அந்தக் குரல் ஸ்பீக்கரில் பதிவாகியிருந்தது, எல்லாம் பிற்பகலில். பதிவைப் போட்டுக் கேட்டான். ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். வரி மறந்துபோய், நடுவில் நிறுத்தி, வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் கேட்டதே இல்லை.

அரைநாள் விடுப்புப் போட்டு வீட்டுக்கு வந்தான். படுக்கையறையையும் பால்கனியையும் பார்த்துவிட்டு, போனை அவள்முன் நீட்டினான்.

“யாருடி இது? நான் இல்லாதப்ப யாரு வந்துட்டுப் போறா?”

கேட்டதும் சுகந்தியின் முகம் சிவந்தது. “நான்தாங்க.”

“உன் குரல் எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமா கேக்கறேன்.”

“சத்தியமா நான்தான். தனியா இருக்கறப்ப பாடுவேன்.”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

“எங்க, இப்ப அதே மாதிரி சிரி பாப்போம்.”

அவள் உதட்டை விரித்தாள். சத்தம் வரவில்லை.

“இருங்க, இன்னொரு தடவை” என்றாள் அவசரமாக.