‘வாய மூடாதே’ – மூன்றாம் வெளியீடு

“தமிழ் பங்க் இசையோட வரலாறு இனிமே ரெண்டா பிரியும். இந்தப் பாட்டுக்கு முன்னாடி, இந்தப் பாட்டுக்குப் பின்னாடி!” என்று ஃபிராங்க்ளின் முழங்கியதும் மைக் கீச்சென்று கத்தி அணைந்தது.

மைக் செட்டுக்காரர் வந்து தட்டிப் பார்த்தார். “மறுபடி மொதல்லருந்து பிரிங்க தம்பி” என்றார்.

ஃபிராங்க்ளினுக்குக் கோபம் வரவில்லை. காரிமங்கலத்துக்கு வெளியே, ரோட்டோரத்துத் தகரக் கொட்டகை முன்னால் இத்தனை கூட்டத்தை அவன் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் வந்தவர் யாருமில்லை, எல்லாரும் வண்டியோடு வந்திருந்தார்கள். ஒரு பெரியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். கலைக்காக இவ்வளவு பாடா என்று ஃபிராங்க்ளின் ஓடிப்போய் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தான்.

முன்வரிசையில் சகாயராணி உட்கார்ந்திருந்தாள். பாட்டை எழுதிப் பாடிய அருள்பிரகாஷின் அம்மா. மஞ்சள் காமாலையில் மகன் போய் ஒரு வருஷம் ஆகிறது.

அவனும் ஃபிராங்க்ளினும் நடத்திய ‘ரத்தக்கொதிப்பு’ என்ற இசைக்குழு இந்தப் பாட்டை ஏற்கெனவே இரண்டு முறை வெளியிட்டிருந்தது. முதல் வெளியீடு பெங்களூரில், ஒரு பாரில். பாட்டு ஆரம்பித்ததும் கரண்ட் போனது. கரண்ட் போனதற்குத்தான் கைதட்டல் விழுந்தது.

இரண்டாம் வெளியீடு இன்டர்நெட்டில். கேட்டவர்கள் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அருள்பிரகாஷே ஃபோன் மாற்றி ஃபோன் வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் ஃபோனைக்கூட அவன் விடவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்திலேயே சொந்தக்காரர்கள் பேசினார்கள். “தகரத்தத் தட்டித் தட்டியே போயிட்டான். கத்துனதுதான் மிச்சம்.”

சகாயராணி ஃபிராங்க்ளினை ஓரமாகக் கூப்பிட்டாள். “நெசத்தச் சொல்லு கண்ணு. எம்பையன் பாட்ட யாராச்சும் ஒருத்தர் கேட்டாங்களா?”

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த மூன்றாம் வெளியீடு.

போன வாரம் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனான். ‘பங்க் ராக் இசை வெளியீடு, அனுமதி இலவசம்’ என்றெல்லாம் அவன் எழுதி வந்ததைப் பார்த்துக் கடைக்காரர் காஜா முகம் சுளித்தார். “எழுத்து ஜாஸ்தி தம்பி. ரோட்டுல போறவன் நின்னு படிப்பானா? இந்த ராக்குன்னா என்ன?”

“பாறைங்க பாய்.”

“பாறை எதுக்கு? எடுத்துருவோம்.”

பாறையோடு இசையும் போனது. இடம் போதாமல் ‘வெளியீடு’ போனது, ‘அனுமதி இலவசம்’ என்பதில் அனுமதி போனது. மிஞ்சியது: ‘அருள்பிரகாஷ் நினைவு பங்க். ஞாயிறு காலை. இலவசம். வாங்க!’

“புரியறவங்களுக்குப் புரியும்” என்று ஃபிராங்க்ளின் கம்பீரமாகச் சொல்லிவிட்டு வந்தான்.

இப்போது மைக் சரியானது. பாட்டைப் போட்டார்கள். முதலில் அருள்பிரகாஷின் குரல் மட்டும் வந்தது: “டேய், ரெடியா? போடு!”

சகாயராணி விலுக்கென்று நிமிர்ந்தாள். “அவன் கொரலு” என்றாள். அப்புறம் ஸ்பீக்கர் பெட்டிகள் அதிர்ந்தன, கொட்டகைத் தகரம் நடுங்கியது. அவள் கண்ணைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. காதைப் பொத்திக்கொண்டவர்கள்கூட இடத்தை விடவில்லை. இப்படியொரு பொறுமை பெங்களூரில் ஏது என்று நினைத்துக்கொண்டான் ஃபிராங்க்ளின்.

பாட்டு முடிந்தது. “என்ன சொல்றான்னு ஒன்னும் புரியல கண்ணு. ஆனா நல்லாருக்குது” என்றாள் சகாயராணி. “இத்தன சனமும் எம்பையனுக்கா வந்திருக்குது?”

“ஆமாங்கம்மா. எல்லாரும் அவனுக்காகத்தான்.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் எழுந்து, தள்ளுமுள்ளு இல்லாமல் கொட்டகையை நோக்கி வரிசை கட்டியது. துக்கம் கேட்கத்தான் வருகிறார்கள் என்று சகாயராணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலில் போய் நின்றாள். வரிசையில் முதலில் நின்றவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“எம்பையனுக்காக வந்தீங்களே சாமி. நீங்க நல்லா இருக்கோணும். இந்த ஒரு வருசமா நான் ஒரு வா சோறு நிம்மதியா தின்னதில்ல. இன்னிக்கித்தான்…”

அந்த மனிதர் சங்கடத்தோடு ஃபிராங்க்ளினைப் பார்த்தார். கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“பையன் புண்ணியவான்தாங்கம்மா. பங்க்ல ஆளுக்கு எத்தன லிட்டருங்க ஊத்தறீங்க?”