மூன்றாவது பிரிண்ட்

பத்ரிநாராயணன் பிரிண்டைக் கவுண்டரில் விட்டெறிந்தார்.

“என்னப்பா ஜெஃப்ரி இது? போன வாரம் மூக்காவது இருந்தது. இப்ப அதுவும் போச்சு!”

அஸ்தினாபுரத்தில் ஜெஃப்ரியின் ஸ்டூடியோவுக்குப் பின்தெருவில்தான் அவர் வீடு. ஞாயிறு விடிந்தால் அவருடைய நந்தியாவட்டைச் செடியை யாரோ மொட்டையடித்துவிடுகிறார்கள். கேட்டில் கேமரா வைத்தார். உருவம் பதிந்தது, முகம் மட்டும் மங்கல். அதைத் தெளிவாக்கித் தரச் சொல்லி ஜெஃப்ரியிடம் கொடுத்திருந்தார்.

“கேமரா சுமார் சார். சாஃப்ட்வேர் என்ன பண்ணும்?”

“பொம்மனாட்டின்னு மட்டும் தெரியறது. யாருன்னு தெரிய வேண்டாமா? பெருமாளுக்கு ஒரு பூ மிஞ்சலைப்பா!”

“இன்னொரு தடவை ட்ரை பண்றேன் சார்.”

“மூணு தடவை பண்ணிக் கிழிச்சது போதும். நாளைக்கே புது கேமரா மாட்டறேன். அதுல மூக்குத்தி கல்லுகூடத் தெரியுமாம். உன் தயவே வேண்டாம்!”

செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியேறினார்.

அவர் போனதும், முதல் வாரமே தெளிவாக்கி ஒளித்துவைத்திருந்த படத்தை ஜெஃப்ரி திறந்தான். பூ நிரம்பிய துணிப்பையில் ‘சபை வெள்ளி விழா’ என்ற எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. எரிச்சலோடு அதை அழித்துவிட்டு, வீட்டுக்கு ஃபோன் போட்டான்.

“அம்மா, எத்தனை தடவை சொல்றது? சர்ச் ஆல்டருக்குப் பூவை இனிமே பல்லாவரம் சந்தையில வாங்கு. அவர் புது கேமரா மாட்டறாராம். அதுல மாட்டினா, உன் மூஞ்சியை என்னால மங்கலாக்க முடியாது!”